கடைசியாகத் திருத்தியவர் ரீபா

என் கடைக்கு வரும் ஆராய்ச்சிக்காரர்களில் பாதிப் பேர், கட்டுரையில் முக்கியம் கண்டுபிடிப்புதான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கண்டுபிடிப்பெல்லாம் அப்புறம். நாலு பக்கமும் ஓரம் சரியாக விட்டிருக்கிறதா, வரிகளுக்கு எண் போட்டிருக்கிறதா, படங்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கின்றனவா என்றுதான் ஜர்னல் அலுவலகம் முதலில் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்ப வழியில்லாதபடி கட்டுரையைக் குளிப்பாட்டி, தலைசீவி, பவுடர் போட்டு அனுப்புவது என் தொழில். வண்ணார்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்மாடியில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். 'சாலோமி கம்ப்யூட்டர்ஸ்' என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது, பிஎச்.டி. செய்கிறவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். என் கையால் போன வேலை திரும்பி வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தேவசிகாமணி சாரைப் பற்றிச் சொல்ல முடியும். அவர் கொண்டுவந்த கட்டுரை என் கையால் போய் மூன்று தடவை திரும்பி வந்தது.

சார் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்தப் பள்ளியில்தான் படித்தேன். என் மாற்றுச் சான்றிதழை எழுதித் தந்தது அவர்தான். அவர் கையெழுத்தில் ஒரு எழுத்து பக்கத்து எழுத்தை இடித்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போகும் காகிதம் ஏதாவது ஒரு குறையோடு திரும்பி வருவது அந்தக் காலத்து வழக்கம். தேவசிகாமணி அனுப்பியது மட்டும் திரும்பாது என்று வாத்தியார்கள் பேசிக்கொள்வார்கள். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் ரீபா.

ரீபா தாமிரபரணியில் தட்டான்பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தட்டான் முதலில் தண்ணீருக்குள்தான் வாழுமாம், பார்க்க அசிங்கமாக, இறக்கை இல்லாமல். வளர்ந்ததும் நாணல் தண்டில் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வந்து பறந்துவிடும். காலி கூடு மட்டும் தண்டைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே இருக்கும். அந்தக் கூடுகளைப் பொறுக்கி எண்ணினால் ஆறு எந்த இடத்தில் நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுதான் அவளுடைய கட்டுரை. எழுதி ஜர்னலுக்கு அனுப்பியும்விட்டாள். இன்னும் கொஞ்சம் கூடு சேர்க்கலாம் என்று போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் சேரன்மகாதேவிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பேட்டைக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஸ்கூட்டி சறுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றுகூட உடையவில்லை.

ஜர்னலின் பதில் அவள் போன பிறகு நிதானமாக வந்தது. படித்துப் பார்த்த இரண்டு நடுவர்களும் நல்ல கட்டுரை என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் ஓர் இடத்தின் கணக்கைச் சேர்த்து, விதிப்படி வடிவமைத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தது. உடையாத அந்தப் புட்டிகளைத் திறந்து எண்ணி, அட்டவணை போட்டுச் சேர்த்தது ஸ்டெபி. ரீபாவோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த பெண், கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. மூன்றாவது பெயர் இருவருக்கும் நெறியாளரான பேராசிரியர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதைக் கேட்டாலும் வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: இந்தக் கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் கைக்கு வராமல் ஸ்டெபி தீசிஸ் கொடுக்கக் கூடாது. ஸ்டெபியின் பதிவுக்காலமோ இந்தக் கிறிஸ்மஸோடு முடிகிறது. ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. தீசிஸ் கொடுக்காவிட்டால் அவளுடைய ஆறு வருஷ உழைப்பு தண்ணீரில் போன மாதிரிதான்.

இந்த வருஷம் ஜூலையில் ஒரு மத்தியானம் சார் மாடிப்படி ஏறி வந்தார். கையில் பென் டிரைவ். சட்டைப்பையில் இரண்டு போன். ஒன்று அவருடைய பழைய பட்டன் போன். இன்னொன்று ரீபாவுடையது, முதுகில் மஞ்சள் தட்டான் ஸ்டிக்கர் ஒட்டியது.

"சாலோமி, ஜர்னல்காரங்க சொன்ன மாதிரி இதை ஒழுங்குபடுத்திக் குடுக்கணும்மா. எழுத வேண்டியதெல்லாம் ரீபா எழுதி முடிச்சிட்டா."

"யாரு சார் அனுப்பப் போறது? ஸ்டெபியா?"

"நாந்தான். கணக்கு ரீபா பேர்ல இருக்கு. அவ லேப்டாப்புல இருந்து போனாத்தான் சரியா இருக்கும். உள்ள போகணும்னா இந்த போனுக்கு ஒரு நம்பர் வரும், அதப் போடணும்."

அதற்காக மாதாமாதம் அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்துவருகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அது கிணுங்கென்றது. ஏதோ விளம்பரம். சார் எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பாடகர் குழுவில் ரீபா எனக்கு முன் வரிசையில் நின்று பாடியவள். ஆராதனை நடுவில் ஒருமுறை இதே சத்தம் கேட்டு, நான் அவள் முதுகில் தட்டியிருக்கிறேன்.

கோப்பைத் திறந்தேன். வலது ஓரம் முழுக்க ரீபாவின் குறிப்புகள். வேர்டில் யாராவது குறிப்பு எழுதினால் ஓரத்தில் ஒரு கட்டமாக வரும், கட்டத்தின் தலையில் எழுதியவர் பெயர் நிற்கும். ரீபா, ரீபா, ரீபா என்று பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. 'இந்த எண்ணை மறுபடி பார்.' 'இங்கே படம் இரண்டு.' 'ஸ்டெபி, இது உன் வேலை, தூங்காதே.' ஒன்றில் இப்படி இருந்தது: 'அப்பாவிடம் கேட்க. சேரன்மகாதேவியில் நாணல் அடர்ந்த அந்தப் படித்துறையின் பழைய பேர் என்ன?'

சாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாளா சார்?"

"இல்லம்மா. கேக்கல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்க அம்மை ஊருல்லா." பேரை மட்டும் சொல்லவில்லை.

ஓரக் குறிப்புகளோடு போனால் ஜர்னல் வாங்காது. எல்லாவற்றையும் நீக்கத்தான் வேண்டும், ஒரே அழுத்தில் அத்தனையும் போய்விடும். சார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு அழுத்தினேன். ஒருவரை வீட்டை விட்டு வெளியேற்றியதுபோல இருந்தது. மறுநாள் வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் வந்தார். "திருப்பிட்டாங்கம்மா," என்றார். ஜர்னல் சொன்ன குறையைத் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்திருந்தார். படங்கள் தனிக் கோப்பாக இல்லையாம். நான் தனியாகத்தான் வைத்திருந்தேன். வயசானவர், ஏற்றும்போது எதையாவது மாற்றி அழுத்தியிருப்பார் என்று நினைத்து மறுபடி செய்துகொடுத்தேன். செப்டம்பர் கடைசியில் இன்னொரு தாள் வந்தது. மேற்கோள் பட்டியல் அகரவரிசையில் இல்லையாம். என் பட்டியலா? எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஜர்னல் அலுவலகத்தில் இருக்கிறவனுக்குக் கண்ணில் கோளாறா என்று கேட்டேன். சார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும். திரும்பி வந்ததைச் சொல்ல வரும் நாட்களில் அவர் முகம் தெளிவாக இருக்கும். சட்டை தேய்த்திருக்கும், சவரம் செய்திருப்பார். கீழே கடையிலிருந்து எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம்கூடத் திரும்பி வர விடாத மனிதர், இரண்டு தடவை அடிவாங்கிவிட்டு எப்படி இத்தனை சந்தோஷமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வருத்தத்தில் மூளை கொஞ்சம் பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

நவம்பரில் ஸ்டெபி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதும் அழுதுவிட்டாள்.

"அக்கா, மூணாவது தடவையும் திரும்பிட்டாம். அங்கிளே போன்ல சொன்னாங்க. கிறிஸ்மஸுக்குள்ள லெட்டர் வரலைன்னா எனக்குப் பதிவு ரத்தாயிரும். உங்க கைல குடுத்தா திரும்பாதுன்னுதானக்கா இங்கன வந்தோம்."

"அவர்ட்ட இந்தத் தேதியெல்லாம் சொன்னியா?"

"எப்படிக்கா சொல்லுவேன்? பிள்ளையப் பறிகொடுத்தவர்ட்ட போயி, உங்க மக கட்டுரையால எனக்கு நேரமாகுதுன்னு சொல்லவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்டெபி மேல் இல்லை, பேராசிரியர் மேல்கூட இல்லை, என் மேல்தான். அன்றைக்கே சார் வந்தார், தாளோடு. வரிகளுக்கு எண் போடவில்லையாம். வரி எண் போடாமல் ஒரு கோப்பு என் கடையை விட்டுப் போகுமா? "நீங்க அனுப்பின கோப்பையே குடுங்க சார்," என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் கேட்டதைக் கொடுக்காமல் இருக்கத் தெரியாதவர், பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோப்பைத் திறந்தேன். வரி எண்கள் இல்லை. எப்போது போனது என்று பார்க்க, கோப்பின் விவரப் பக்கத்துக்குப் போனேன். யார் உருவாக்கியது, யார் எப்போது கடைசியாகத் தொட்டது என்றெல்லாம் அங்கே இருக்கும்.

கடைசியாகத் திருத்தியவர்: ரீபா. தேதி, போன மாதம்.

பட்டப்பகல். கீழே கண்டக்டர்கள் ஜங்ஷன், ஜங்ஷன் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போனது. பக்கத்தைக் கீழே தள்ளினேன். அங்கேயும் ஓரத்தில், யார் எதை மாற்றினார் என்று காட்டும் சிவப்புக் கட்டங்கள் நின்றன. ரீபா நீக்கியது. ரீபா வடிவம் மாற்றியது. நான் ஒரே அழுத்தில் வெளியே அனுப்பியவள் திரும்பி வந்து என் வேலையைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இயேசப்பா என்று வாய்விட்டே சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவி, ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. அது ரீபாவின் லேப்டாப். அதில் யார் உட்கார்ந்து எதைத் தொட்டாலும் அவள் பெயரைத்தான் எழுதும். பயம் போனது. ஆனால் பயத்தைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. படத்தைச் சேர்த்து ஒட்டியது, பட்டியலைக் கலைத்தது, வரி எண்ணை எடுத்தது, எல்லாமே ஒரே கை. எந்தக் குறை இருந்தால் காகிதம் திரும்பும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்தக் குறைகளைத் தேடித் தேடிச் சரிசெய்த கை அது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சார் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டுபோனார். ரீபாவின் மேசை அப்படியே இருந்தது. ஒரு கண்ணாடிக் குப்பியில் நாணல் தண்டு ஒன்று, அதில் காலி கூடு ஒன்று கால்களை ஊன்றிப் பிடித்தபடி. மேசையில் லேப்டாப் திறந்திருந்தது.

"வரி எண்ண எடுத்தது நீங்கதானே சார்?"

"ஆமா."

இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆமா என்றவரிடம் என்ன சண்டை போடுவது?

"உக்காரும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். திரையை என் பக்கம் திருப்பினார். ஜர்னல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள். தாளில் குறைகளை மட்டும் எழுதிக்கொண்டுவந்தாரே, மேலே இருந்த முதல் வரியை அவர் எனக்குக் காட்டியதே இல்லை. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது. 'அன்புள்ள டாக்டர் ரீபா தேவசிகாமணி.'

நம் ஊரில் அவள் தே. ரீபா. பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து ரேஷன் கார்டு வரை அப்படித்தான். அப்பா ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்பார். ஜர்னல் படிவம் அதை ஒத்துக்கொள்ளாது, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். என் கடையில் தினமும் நடக்கிற கூத்து இது. ரீபாவும் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுசாக எழுதிப் பின்னால் போட்டிருக்கிறாள்.

"பாத்தியா," என்றார் சார். "அவ பேரையும் என் பேரையும் சேத்து இங்கன மட்டுந்தான் எழுதுதாங்க. டாக்டர்னு வேற போட்டிருக்காங்க. அவ முடிக்காமப் போயிட்டா, அது அவங்களுக்குத் தெரியாதுல்லா."

"அது மிஷின் அனுப்புது சார். எல்லாருக்கும் அப்படித்தான் அனுப்பும்."

"தெரியும்மா. ஒரே லெட்டர அடிச்சு, பேர மட்டும் மாத்தி, எத்தன பேருக்கு அனுப்பியிருப்பேன் நான். எனக்குத் தெரியாதா?" சுவரில் மாட்டியிருந்த ரீபாவின் போட்டோவை ஒருமுறை பார்த்தார். "சர்ச்சுல நான் வந்தா பேச்ச மாத்திருதாங்க. நான் வருத்தப்படுவேனாம். சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா அந்தப் போட்டோ பக்கமே திரும்ப மாட்டுக்காங்க. இந்த வீட்டுல அவ பேர யாரும் வாயத் தொறந்து சொல்லி ரெண்டு வருசமாச்சு. இவங்க ஒருத்தங்கதான் கூப்பிடுதாங்க. மொதத் தடவ படத்த நான் தெரியாமத்தான் சேத்துட்டேன். சத்தியமா தெரியாமத்தான். லெட்டர் வந்துச்சு. ரொம்ப நேரம் வாசிச்சுக்கிட்டே இருந்தேன். அடுத்த தடவ தெரிஞ்சே செஞ்சேன்."

"ஏத்துக்கிட்டா நல்லதுதான சார்?"

"ஏத்துக்கிட்டா ஒரு லெட்டர் வரும். அதோட முடிஞ்சிரும்."

நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்? அவள் சாவுக்குப் போனபோதுகூட அப்படி அழவில்லை. ரீபா போன பிறகு நானும்தான் அவர் வந்தால் பேச்சை மாற்றியவள். ஆனால் அழுது முடித்ததும் ஸ்டெபியின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே என் கோபமும் வந்தது, நல்லவேளை.

"சார், கிறிஸ்மஸுக்குள்ள லெட்டர் வரலைன்னா ஸ்டெபிக்குப் பதிவு ரத்தாயிரும். அவ உங்கள்ட்ட சொல்லல, சொல்லவும் மாட்டா. ரீபாவுக்கு லெட்டர் வரணும்னு நீங்க பாக்குதீங்க. உசுரோட இருக்க பிள்ளைக்கு ஒரே ஒரு லெட்டர்தான் வேணும்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கடைசிக் கடிதத்தைக் கீழே இழுத்து ஒரு வரியைக் காட்டினார். தாளில் எழுதாமல் விட்ட இன்னொரு வரி. மறுபடியும் குறையோடு வந்தால் இந்தக் கட்டுரையின் கோப்பு மூடப்படும், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

"இத வாசிச்சதுல இருந்து ஒறக்கம் இல்ல," என்றார். "கெடுத்துருவனோன்னு பயமா இருக்கு. நீயே வந்துட்ட. ஸ்டெபியையும் வரச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து மூவரும் என் கடையில் உட்கார்ந்தோம். சார் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்டெபி அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். "நீ சொல்லியிருக்கணும்மா," என்றார் அவளிடம். "இல்ல அங்கிள்," என்றாள். அவர்கள் பேசியது அவ்வளவுதான். அப்புறம் டீ வந்தது, மூவரும் குடித்தோம்.

ரீபாவின் பழைய கோப்பை ஒருமுறை திறக்கச் சொன்னார் சார். குறிப்புகள் அப்படியே இருந்தன. படித்துறை பற்றிய கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நாவமரத்துத் தொறை," என்றார். "இப்ப மரம் இல்ல. எங்க அம்மை அங்கனதான் துணி தொவைப்பா."

ஸ்டெபி உடனே கட்டுரையில் இடங்களின் அட்டவணையைத் திறந்து, நான்காவது இடத்தின் பெயரை மாற்றினாள். நான் அந்த ஒரு குறிப்பை மட்டும் தனியாக நீக்கினேன். அவள் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதால் இந்தத் தடவை யாரையும் வெளியேற்றியதுபோல இல்லை.

வரி எண்களை மறுபடி போட்டாயிற்று. மிச்சமிருந்தது உண்மை. தொடர்புக்கு உரியவராக ஸ்டெபியின் பெயரைப் போட வேண்டும். ரீபா இல்லை என்று ஜர்னலுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் இறந்திருந்தால், அவர் பெயருக்கு மேல் ஓரமாகச் சின்னதாக ஒரு குறி போட்டு, பக்கத்தின் அடியில் 'காலமானார்' என்று குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறி குத்துவாள் என்பது அச்சுக்காரர்கள் கணக்கு. பார்ப்பதற்குச் சிலுவைதான். சாருக்கு அது சிலுவையாகத்தான் தெரிந்தது.

"கல்லறைக்கே இன்னும் கல் வைக்கல சாலோமி," என்றார். "கல்லு வச்சா இதத்தான வெட்டுவாங்க. அதுக்குத்தான் வைக்கல."

"நான் போடவா சார்?"

"வேண்டாம். எப்படின்னு காட்டு."

எந்த விசை என்று காட்டினேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு அழுத்தினார். குறி வந்து உட்கார்ந்தது, மிளகு அளவுக்குத்தான். ஸ்டெபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிவத்தை நான் நிரப்பினேன். அதிலும் பெயர்க் கட்டங்கள் உண்டு. கட்டுரையில் இருப்பதுபோலவே படிவத்திலும் இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் அதையே குறை என்று சொல்லித் திருப்பிவிடுவான் என்ற பயத்தில், படிவத்தில் ரீபாவின் பெயருக்கு முடிவிலும் அந்தக் குறியைப் போட்டேன். மூன்று தடவை திரும்பிவந்த சூடு எனக்கு. மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி ரீபாவின் போன் கிணுங்கென்றது. சார் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் அடித்தேன். போய்விட்டது.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஸ்டெபிக்குக் கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பேராசிரியர் கட்டைவிரல் அனுப்பினார், இந்தத் தடவை இரண்டு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி சாருக்குக் கடிதம் வராதே என்றும் இருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

அவரே வந்தார். சட்டை தேய்த்திருந்தது, சவரம் செய்திருந்தார். ரீபாவின் போனை என் முன்னால் வைத்தார்.

"எழுதுன எல்லாருக்கும் ஒரு நகல் அனுப்புவாங்களாம்," என்றார். "இவளுக்கும் வந்திருக்கு."

படித்தேன். 'அன்புள்ள டாக்டர் ரீபா தேவசிகாமணி' என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் பெயருக்கு முடிவில், ஒட்டினாற்போல, அந்தச் சின்னச் சிலுவை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர்க் கட்டத்துக்குள் நான் போட்டது. மிஷினுக்கு என்ன தெரியும்? பெயரோடு சேர்த்து அதையும் எடுத்து எழுதிவிட்டது.

"ஐயோ சார். என் தப்பு. கட்டுரையில மட்டும் போட்டிருக்கணும். நான் அவங்களுக்கு எழுதி மாத்தச் சொல்லுதேன்."

"மாத்தாதம்மா." அவர் போனை எடுத்து, திரையைக் கட்டைவிரலால் துடைத்தார். "இத்தன நாளும் தெரியாமக் கூப்பிட்டாங்க. இப்ப தெரிஞ்சும் கூப்பிட்டிருக்காங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகம், அவர் கையெழுத்தில். கல் வெட்டுகிறவரிடம் கொடுக்க அச்சடித்துத் தர வேண்டும் என்றார். தே. ரீபா என்று இல்லை. ரீபா தேவசிகாமணி என்று இருந்தது, மேலே சிலுவையோடு. எழுத்துகளை நடுவில் நிறுத்தி, ஓரம் பார்த்து அடித்தேன். முன்னால் டாக்டர் என்று போடட்டுமா என்று கேட்டேன்.

யோசித்தார். "வேண்டாம்மா. அவ முடிக்கலல்லா. கல்லுல உள்ளதத்தான் போடணும்."

இப்போதும் அவர் ஆபீஸ் சூப்பிரண்டுதான். தாளை மடிக்காமல் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார். படி வரைக்கும் போனவர் திரும்பி நின்று, ரீபாவின் போனைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் ஒரு மாசத்துக்குப் பணம் போட்டுருக்கேன். அச்சுல வந்ததும் ஒரு தடவ சொல்லுவாங்கல்லா?"

"சொல்லுவாங்க சார்," என்றேன்.